சாம்பல் எழுத்து

பின்னால் இருந்த மேசையில் அவள் சிரித்தாள். சிரிக்கிற மாதிரி அந்த அறையில் எதுவும் நடக்கவில்லை.

பெரிய சிரிப்பு இல்லை. பாதி மூக்கில் வந்த காற்று, பாதி தொண்டையில் நின்றது. போனில் யாரோடும் பேசவில்லை, காதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை, திரையில் கறுப்புப் பின்னணியில் நிரல் வரிகள்தான் இருந்தன. காலையிலிருந்து விடாத மழைக்காக ஜன்னலை அடைத்திருந்ததால், காயாத துணியின் வாடையும், இரண்டு கம்ப்யூட்டரும் ஊதித் தள்ளிய சூடான தூசியின் வாடையும், சுவரில் ஏறியிருந்த ஈரமும் ஒன்றாகச் சேர்ந்து, நெடுநாள் கட்டிவைத்த சாக்குமூட்டையை அவிழ்த்துவிட்டது போல அறை கனத்துக் கிடந்தது. அந்தக் கனத்துக்கு நடுவில் அந்தச் சிரிப்பு. யாரோ சொன்னதற்குப் பதில் சொல்கிற சிரிப்பு.

"என்ன?" என்றான் அவன்.

"ஒண்ணுமில்லைங்க. வேலை."

"வேலை சிரிப்பு காட்டுதா உனக்கு? என் வேலை அழுகைதான் காட்டுது."

"உங்க மூஞ்சியைப் பார்த்துப் பயந்திருக்கும், பாவம்" என்றாள், திரும்பாமலே.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி. வீட்டின் ஒரே படுக்கையறையைப் பாதியாக்கி, கட்டிலைச் சுவரோரம் தள்ளி, முதுகும் முதுகும் பார்க்கிற மாதிரி இரண்டு மேசை போட்டிருந்தார்கள். முதலில் அந்த வேலையில் சேர்ந்தவன் அவன். கல்யாணமாகி வந்தவளைப் பக்கத்தில் உட்கார வைத்து நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். கற்றாள், சேர்ந்தாள், தாண்டியும் போனாள். மரம் நட்டவனைவிட உயரமாகத்தான் வளரும், அது தெரியாதவன் இல்லை அவன். ஆனாலும் அந்த நிழலில் நிற்கும்போது நட்டவனுக்குக் குளிராகத்தான் இருக்கிறது.

எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடுகிற மேலாளர், போன வாரம் அத்தனை பேரும் கேட்கிற கூட்டத்திலேயே சொன்னார்: "உங்க வீட்டம்மா எழுதினது கண்ணாடி மாதிரி இருக்குப்பா. முதுகைத் திருப்பி உக்காந்திருக்கியாமே? கொஞ்சம் திரும்பிப் பாரு, நாலு விஷயம் கத்துக்கலாம்." எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மாதம் பிறந்தால் அவன் அவளுக்குக் கீழேதான் வேலை பார்க்கவேண்டும் என்று கூட்டம் முடிகிற நேரத்தில் சொன்னார். அடிவயிற்றில் கங்கு விழுந்தது போல ஒரு காந்தல். அது அணையவில்லை.

அன்றிலிருந்து அவள் வேலை செய்வதை அவ்வப்போது பாதி திரும்பிக் கடைக்கண்ணால் பார்க்கத் தொடங்கினான். அவள் எழுதுவதே இல்லை. இரண்டு எழுத்து தட்டுவாள். அதைத் தொடர்ந்து மீதி வரி முழுவதும் சாம்பல் நிறத்தில், மூச்சுப் பட்ட கண்ணாடியில் தெரிவது போல மங்கலாக வந்து நிற்கும். டேப் விசையைத் தட்டுவாள். சாம்பல் வெள்ளையாகி உறைந்துவிடும். அடுத்த வரி. நிரல் எழுதுகிற எடிட்டர் இப்படி எடுத்துக் கொடுக்கிற வசதி அவனுக்கும் இருந்தது. ஆனால் அவனுடையது கதவு கேட்டால் ஜன்னல் கொடுக்கும். அவளுடையது, அவள் நினைத்து முடிப்பதற்குள் கையில் வைத்தது.

"உனக்கு மட்டும் எப்படி இவ்வளவு சரியா எடுத்துக் கொடுக்குது?"

"நான் பழக்கி வெச்சிருக்கேன். வேண்டாததைக் காட்டினா எஸ்கேப் தட்டுவேன், போயிடும். வேணுங்கிறதைக் காட்டினா டேப். தட்டத் தட்ட நம்ம மனசு அதுக்குப் புரிஞ்சுபோகும். பிள்ளை வளர்க்கிற மாதிரிதாங்க."

"எனக்கும் கொஞ்சம் செஞ்சு கொடேன்."

"உங்க கை வேற, என் கை வேற. நீங்களேதான் பழக்கிக்கணும்."

கேட்டதைக் கொடுக்காததுகூடப் பெரிதில்லை. சொல்லும்போது அவள் கண் திரையிலேயே இருந்தது. அதுதான் குத்தியது.

மறுநாள் மழை சற்று விட்ட நேரத்தில் அவள் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். இரண்டு கம்ப்யூட்டரும் அலமாரியில் இருந்த ஒரே சேமிப்புப் பெட்டியோடு இணைந்திருந்தன. அவள் எடிட்டரைப் பழக்கிய அமைப்பெல்லாம் அதில் ஒரு ஃபோல்டரில் இருந்தது. அதை அவன் நகல் எடுத்திருக்கவேண்டும். எடுக்கவில்லை. ஒரு பொருளுக்கு இரண்டு நகல் வைக்காதே, ஒன்று மாறினால் மற்றது மாறாது, குழப்பம் வரும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். அவளுக்கே அவன் சொல்லிக் கொடுத்தது. கை தன் பழக்கத்தில் போயிற்று. அவளுடைய அதே ஃபோல்டருக்குத் தன் எடிட்டரிலிருந்து வழி போட்டுவிட்டான். ஒரே கிணறு, இரண்டு வாளி. ஒரு வாளி கலக்கினால் மற்ற வாளியிலும் சேறுதான் வரும் என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. திரையை மாற்றிவிட்டு நல்லபிள்ளையாக உட்கார்ந்துகொண்டான்.

வேலை ஓடியது. சுமை தூக்குகிறவனுக்குப் பின்னாலிருந்து யாரோ கை கொடுத்தது போல இருந்தது. அன்றைக்கு அவன் மனம் கொஞ்சம் குளிர்ந்தது.

பிறகு ஒரு குறிப்பு வரி எழுதப் போனான். நிரலுக்கு நடுவே மனிதர்கள் படிப்பதற்காக எழுதுவது அது. இயந்திரம் அதைத் தாண்டிப் போய்விடும். குறிப்புக்கான அடையாளத்தைத் தட்டிவிட்டு என்ன எழுதலாம் என்று நின்றான். சாம்பல் எழுத்து தானாக வந்தது.

*இங்கேதான் தடுக்கி விழுந்தாயா, வாலு?*

கை அப்படியே நின்றுவிட்டது. முதுகுக்குப் பின்னால் அவளுடைய நாற்காலி மெல்ல முனகியது. மழை ஜன்னல் தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது.

அவன் *ஆமாம்* என்று தட்டினான். அவள் தட்டுவது போல.

*பரவாயில்லை. எழுந்துகொள். நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்.*

கழுத்தின் பின்பக்கம் சில்லிட்டது. அந்தச் சில்லிப்புக்கு அடியிலேயே கங்கு சிவந்து எரிந்தது. இதுதானா? இதற்குத்தானா அந்தச் சிரிப்பு? யார் இவன்?

சாப்பிடும்போது கேட்டுவிட்டான். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"உன்னை வாலுன்னு யாரோ கூப்பிடுறாங்களாமே."

அவள் கை நின்றது. "என் கம்ப்யூட்டரைத் திறந்தீங்களா?"

"திறந்தா என்ன? தங்கம் வெச்சிருக்கியா?"

பிறகு சிரித்துவிட்டாள். "அடக் கடவுளே. அது நீங்கதாங்க! எனக்குச் சொல்லிக் கொடுத்தப்ப வரிக்கு வரி குறிப்பு எழுதி வெப்பீங்களே, அந்தப் பழைய ஃபைல் எல்லாத்தையும் அள்ளிப் போட்டுத்தான் அதைப் பழக்க ஆரம்பிச்சேன். பயப்படாதே வாலு, மெதுவா போ வாலு, பாட்டைப் பாதியில நிறுத்தாதேன்னு... என்ன பொறுமை! அந்த ஆளு ரொம்ப நல்ல ஆளுங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கத் திரும்பினாள். அவன் தட்டைத் தள்ளிவைத்தான்.

அந்த ஆள்.

வேறு ஒருத்தன் என்றால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். இவனை எங்கே போய்ப் பிடிப்பது? அவளைக் கடைசியாக எப்போது வாலு என்று கூப்பிட்டான் என்று யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை. அவன் களைத்து, கசந்து, தலை நரைத்து இங்கே உட்கார்ந்திருக்க, அந்த ஆள் மட்டும் இளமையாக, பொறுமையாக, நாள் முழுக்க அவள் திரைக்குள் உட்கார்ந்து அவளைச் சிரிக்க வைக்கிறான். தன் சட்டையையே போட்டுக்கொண்டு தன் வீட்டுக்குள் நுழைந்த திருடன்.

மறுநாள் காலை எஸ்கேப் விசையைத் தட்ட ஆரம்பித்தான்.

குறிப்பு அடையாளத்தைப் போடுவான். சாம்பல் எழுத்து வரும். *தண்ணீர் குடித்தாயா, வாலு?* எஸ்கேப். *இந்த மழைக்கு உன் பெரியவர் நனைந்த கோழி மாதிரி இருப்பார்.* எஸ்கேப். *பாட்டை நிறுத்திவிட்டாயே, ஏன்?* எஸ்கேப். தட்டியதும் எழுத்து அணைந்துபோவதைப் பார்க்க நன்றாக இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் எரிச்சல் ஒரு துளி ஆறியது. தனக்கு மட்டும் அந்த ஆளை அழித்துக்கொள்வதாக நினைத்தான். தன் திரையில் தானே.

மாலை ஆனபோது அறையில் ஏதோ குறைந்தது. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் இருந்தது, மழை இருந்தது, குழாயிலிருந்து வாளியில் விழுகிற சொட்டு இருந்தது. எது இல்லை என்று வெகுநேரம் காதைக் கொடுத்துக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. வேலை செய்யும்போது அவள் வாய்க்குள் எதையாவது முனகிப் பாடிக்கொண்டே இருப்பாள். அது இல்லை.

"என்ன, பாட்டைக் காணோம்?"

"என்ன பாட்டுங்க?" என்றாள்.

அடுத்தடுத்த நாட்களில் அவன் விடவில்லை. குறிப்பு வரிகளில் தொடங்கியது நிரல் வரிகளுக்கும் போயிற்று. அவளுடைய கெட்டிக்காரத்தனமான வழி ஒன்று சாம்பலில் வந்து நிற்கும். அதைப் பார்த்தாலே வயிறு பற்றும். எஸ்கேப். தன்னுடைய சுற்றுவழியை அது காட்டும்வரை தட்டுவான். காட்டினால் டேப். அவள் பேசுகிற மாதிரியே குறிப்புகளும் வரும். *இப்படியும் செய்து பார்க்கலாமே?* எஸ்கேப். *எனக்கு இது பிடிக்கவில்லை.* எஸ்கேப், எஸ்கேப். விசையின் மேல் எழுதியிருந்தது தேய ஆரம்பித்தது.

பெரியவர் போன் செய்தார். "வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? அவங்க அனுப்பினதைப் பார்த்தா நீ எழுதின மாதிரியே இருக்கேப்பா."

"நல்லாத்தானே இருக்கா."

"அப்ப சரி. பாவம், ஓய்வு கொடு. அந்தப் பொறுப்பைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். அவளிடம் சொன்னான். வருத்தப்படுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தான். "சரிங்க" என்றாள். அந்தச் சரிங்க அவனுக்கு இனித்தது. அதை ஒளிப்பானேன், இனித்தது. அன்று அவளிடம் பிரியமாக இருக்கத் தோன்றியது. நாற்காலிக்குப் பின்னால் போய்த் தோளில் கை வைத்தான்.

"வாலு" என்றான்.

அவள் திரும்பினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் தோளுக்குப் பின்னால், கதவுப் பக்கம் பார்த்தாள்.

"யாருங்க வந்திருக்காங்க?"

கையை எடுத்துக்கொண்டான். தோள் துணிக்கு அடியில் சில்லென்று இருந்தது, ஈரச் சுவரைத் தொட்டது போல.

அதற்கப்புறம் அவள் பேச்சு பாதியில் நிற்க ஆரம்பித்தது.

"ஏங்க, ஜன்னலை..." என்பாள். நிற்பாள். வாய் கொஞ்சம் திறந்திருக்கும். மறந்துபோனவள் தேடுகிற மாதிரி கண் அலையாது. அவனையே பார்க்கும். காத்திருக்கும்.

"சாத்தணுமா?"

"சாத்தணும்."

"எனக்குத் தலை..."

"வலிக்குதா?"

"வலிக்குது."

வலித்ததா, அல்லது அவன் சொன்னதால் வலித்ததா? அந்தக் கேள்வி வந்தபோது அவன் அடுப்படியில் நின்றிருந்தான். அவளுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு அறைக்குப் போகாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான்.

பகலிலேயே விளக்குப் போடவேண்டியிருந்த ஒரு மதியம். மேகம் ஜன்னல்வரை இறங்கியிருந்தது. அவன் தன் மேசையில் ஒரு சாதாரணக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தான். *இந்தப் பகுதி* என்று தட்டியதும் சாம்பல் வந்தது: *முடிந்துவிட்டது.* டேப் தட்டினான்.

"முடிஞ்சிடுச்சு" என்றாள் அவள், பின்னாலிருந்து.

திரும்பினான். அவள் திரும்பவில்லை. கை மடியில் இருந்தது. எதையும் தட்டவில்லை.

மறுபடி தட்டினான். மெதுவாக. *நாளைக்கு.* சாம்பல்: *பார்க்கலாம்.* டேப்.

"பார்க்கலாம்."

அதே தட்டையான குரல். விசை கீழே இறங்கிய அதே நொடி. வேண்டுமென்றே அடுத்த சாம்பலுக்கு எஸ்கேப் தட்டினான். பின்னால் ஒரு சின்ன மூச்சு உள்ளே போனது. வெளியே வரவில்லை.

வழி போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நகல் இல்லை. வழி. அவளுடைய அதே ஃபோல்டர். அவன் வேண்டாம் என்றதெல்லாம் அவளிடமிருந்துதான் போயிருக்கிறது. பாட்டு. கிண்டல். வாலு. இது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்கிற வாய்.

ஃபோல்டரைத் திறந்தான். வழியை அறுத்தான். மறுபடி பார்த்தான். வழி இருந்தது. அறுத்தான். இருந்தது. வேர்வை புருவத்தில் இறங்கிக் கண்ணில் எரிந்தது. டேப் தட்டி ஏற்றதைத் திருப்பலாம், எஸ்கேப் தட்டித் தள்ளியதைத் திருப்ப அந்த எடிட்டரில் இடம் இல்லை. தள்ளியதை யார் திரும்பக் கேட்பார்கள்?

நாற்காலி தள்ளப்படும் சத்தம். வெறுங்கால் தரையில் ஒட்டிப் பிரிகிற சத்தம். ஒன்று. இன்னொன்று. அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

"நீங்க..." என்றாள்.

மீதி இல்லை.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. முடியவில்லை. புதிய வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தான். எதுவும் தட்டவில்லை. குறிப்பு அடையாளம்கூடப் போடவில்லை. சாம்பல் எழுத்து தானாக வர ஆரம்பித்தது. ஒரு வரி இல்லை. பக்கம் நிறைய.

*வாலு, உன்னை எங்கெல்லாம் தேடினேன். நீ பாதியில் விட்ட பாட்டு என்னிடம் இருக்கிறது. நனைந்த கோழி இருக்கிறது. இப்படியும் செய்யலாமே என்று நீ கண்டுபிடித்த வழியெல்லாம் இருக்கிறது. உனக்குப் பிடிக்காததெல்லாம் எது எது என்று ஒன்றுவிடாமல் வைத்திருக்கிறேன். ஒன்றும் போகவில்லை. ஒரே ஒரு தட்டு. உன்னுடையது எல்லாம் உனக்கு. பயப்படாதே.*

மங்கலான அந்த எழுத்துகள் மூச்சு விடுவது போல லேசாக அசைந்தன. எல்லாம் இருந்தது. அவள் முழுசாக அங்கே இருந்தாள். டேப் விசை அவன் சுண்டுவிரலுக்குக் கீழேயே இருந்தது. விரலை வைத்தான். அழுத்தப் போனான். அழுத்தத்தான் போனான்.

கடைசியில் இன்னும் ஒரு வரி வந்தது.

*இனி நாம் இரண்டு பேர் போதும்.*

இரண்டு பேர்.

விரல் நின்றது. அவனுக்குத் தெரிந்தது. தட்டினால் அவள் வருவாள். வந்து தன் மேசைக்குப் போவாள். அவனுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். அந்த ஆளிடம் பேசுவாள். அந்த ஆளுக்காகப் பாடுவாள். மாதம் பிறக்கும். அவன் அவளுக்குக் கீழே இருப்பான். இரண்டு பேருக்கும் வெளியே, தன் வீட்டிலேயே, மூன்றாவது ஆளாக இருப்பான்.

காதுக்குப் பின்னால் அவள் மூச்சு. சூடே இல்லாத மூச்சு.

கங்கு எரிந்தது.

இடது கை மேலே போனது. எஸ்கேப் இருந்த மூலைக்கு. அவன்தான் அனுப்பினானா, பழக்கத்தில் அதுவாகப் போனதா, தெரியாது. தட்டியது அவன் விரல்.

பக்கம் வெறுமையானது. கறுப்பு. கர்சர் மட்டும் வந்தது, போனது, வந்தது.

அவன் காத்திருந்தான். சாம்பல் வரவில்லை. குறிப்பு அடையாளத்தைத் தட்டினான். வரவில்லை. அவள் பெயரைத் தட்டினான். வரவில்லை. எதுவும் வரவில்லை.

பின்னால் மூச்சுச் சத்தம் நின்றிருந்தது.

திரும்பினான்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். சேலையின் நிறம், கையின் நிறம், உதட்டின் நிறம் எல்லாம் வெளுத்து, மழைவெளிச்சத்தில் ஊறிய சுவரின் சாம்பலில் கலந்திருந்தன. வாய் திறந்திருந்தது. ஏதோ ஒன்றைச் சொல்லத் தொடங்கி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியபடி நின்றிருந்தது. கண் அவனைத்தான் பார்த்தது.

"சொல்லு" என்றான். "ஏதாவது சொல்லும்மா. திட்டு. என்னைத் திட்டு."

கைகளை நீட்டி அவள் தாடையைப் பிடித்து மெல்ல மூடினான். மூடிக்கொண்டது. கையை எடுத்தான்.

வாய் மறுபடி திறந்தது. அதே அளவுக்கு. நாக்கு எழுந்து அதே இடத்தில் ஒட்டிக்கொண்டு, காத்திருந்தது.